பத்தில் நிற்பதா, பதினொன்றுக்குத் தாவுவதா, மின்ட்டுக்கு மாறுவதா?

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இருப்பது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பால் சொசைட்டி கணக்கை எக்செல்லில் போடுவது, மாமனாருக்கு நில வரி ரசீது எடுப்பது, அக்கம்பக்கத்தாருக்கு மனு அடித்துக் கொடுப்பது, மகளின் பள்ளி வேலை. இவ்வளவுதான் அதன் பிழைப்பு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அடுத்து என்ன என்று கேட்டால் கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பதில், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் வேறு பதில். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) ஒன்று இருக்கிறது, லினக்ஸ் மின்ட். நான் கடைசியில் அதற்கு மாறினேன். அதனால் கீழே வருவதில் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புது கம்ப்யூட்டர் வாங்குவது என்ற வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கையில் காசு இருந்தால் வாங்கலாம். சொசைட்டிக் கணக்குக்கும் வரி ரசீதுக்கும் அது தேவையா என்பதே கேள்வி.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே முடித்துவிடலாம். ‘கம்ப்யூட்டர் ஸ்லோ’ என்று நாம் புலம்புவதில் பாதிக்கு மேல் ஓஎஸ்ஸின் குற்றமே இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே டிஸ்க் 100% என்று சிவந்து நிற்கும். சுற்றும் ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு பத்தில் இருந்தாலும் பதினொன்றுக்குப் போனாலும் அதே கதைதான். சுற்றும் பாகமே இல்லாத டிஸ்க்கான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, கூட 4 ஜிபி டிடிஆர்3 ரேம். இந்த இரண்டையும் போட்ட பிறகு ஓஎஸ்ஸைப் பற்றி யோசித்தால் போதும். எந்த வழிக்குப் போனாலும் இந்தச் செலவு வீணாகாது.

சரி, முதலில் பத்திலேயே நிற்பது. இதைப் பலர் நினைக்கிற அளவுக்கு ஆபத்தாக நான் நினைக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருகிறது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சிங்க் செய்தால் இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி, அல்லது 30 டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு இருக்கும். இது போக எட்ஜ் பிரவுசருக்கும் டிஃபென்டருக்கும் 2028 அக்டோபர் வரை அப்டேட் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு ஓஎஸ் காலாவதித் தேதிக்கு மறுநாளே செத்துவிடாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இல் ஆதரவு முடிந்தது. அதற்கப்புறமும் ஊரில் பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள். குரோம் 2023-இல் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டபோதுதான் பேங்க் சைட் திறக்கவில்லை, அந்த ஃபாரம் வரவில்லை என்று ஒவ்வொருவராக அலைய ஆரம்பித்தார்கள். பத்துக்கும் அப்படி ஒரு நாள் வரும். இப்போது நமக்குக் கிடைத்திருப்பது அவகாசம். அவகாசம் மட்டுமே வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி.

அடுத்து பதினொன்று. அதற்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி, பிராசசர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். எங்கள் ஐ3 வாசலிலேயே நின்றுவிட்டது. ஆனால் கடைக்காரர்களுக்கு இது ஒரு தடையே இல்லை. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது, டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கு என்று ஒரு டிக் போட்டால் பெரும்பாலான பழைய மெஷின்களில் பதினொன்று ஏறிவிடும். “அண்ணா, அரை மணி நேரத்துல போட்டுத் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்” என்று பொள்ளாச்சியில் ஒரு தம்பி சொன்னார். பொய் சொல்லவில்லை. எஸ்எஸ்டி போட்டால் ஓடத்தான் செய்யும்.

எனக்கு யோசனை வந்தது போடுவதைப் பற்றியல்ல, அதற்குப் பிறகு அதை யார் பராமரிப்பது என்பதில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் முடிவு இங்கேதான் திரும்பியது.

பதினொன்று என்பது ஒரே பொருள் இல்லை. வருடத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது: 22எச்2, 23எச்2, 24எச்2, 25எச்2. ஹோம், புரோ இரண்டுக்கும் ஒவ்வொரு பதிப்பின் ஆயுள் 24 மாதம். தகுதியுள்ள கம்ப்யூட்டரில் அடுத்த பதிப்பு தானாக வந்து இறங்கும், நாம் கவனிக்கக்கூட மாட்டோம். குறுக்கு வழியில் ஏற்றிய மெஷினிலும் மாதாந்திர அப்டேட் பொதுவாக வந்துகொண்டுதான் இருக்கிறது, அதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னாலும். ஆனால் அடுத்த பதிப்பு தானாக வராது. மறுபடி பென்டிரைவ், மறுபடி ரூஃபஸ், மறுபடி அந்தத் தம்பி.

வராவிட்டால் என்ன ஆகும்? தேதியைப் பாருங்கள். 23எச்2-வின் ஹோம், புரோ பதிப்புகளுக்கு ஆதரவு 2025 நவம்பர் 11-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10 முடிந்தது அக்டோபர் 14-இல். பத்து பழசாகிவிட்டது என்று பயந்து கடையில் 23எச்2 போட்டு வாங்கி வந்து, அதன் பிறகு அதைத் தொடாதவர்களுக்குக் கிடைத்த லாபம் வெறும் நாலு வாரம்! அதே நேரம் பத்திலேயே நின்று கூடுதல் அப்டேட்டில் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் 2026 அக்டோபர் வரை பத்திரமாக இருக்கிறார். திரையில் ஸ்டார்ட் மெனு நடுவில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ‘லேட்டஸ்ட்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் விண்டோஸ் பட்டனோடு ஆர் அமுக்கி ‘வின்வெர்’ கட்டளையை அடித்து எந்தப் பதிப்பு என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. 24எச்2-வுக்கும் 2026 அக்டோபர் 13-தான் கடைசி நாள்.

இன்னும் பழைய மெஷின்களுக்கு இந்தக் கதவும் அடைத்துவிட்டது. 24எச்2-விலிருந்து பிராசசரில் சில கட்டளைகள் இருந்தே ஆக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கோர் 2 டியோவில் அவை கிடையாது. ரூஃபஸில் எத்தனை டிக் போட்டாலும் அது பூட் ஆகாது. எங்கள் ஐ3-யில் அவை உண்டு. ஆனால் இன்றைக்கு ஓடுவது அடுத்த பதிப்பிலும் ஓடும் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை.

இப்போது மின்ட். மின்ட் 22 வரிசை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. கேட்பது குறைந்தது 2 ஜிபி ரேம், 4 ஜிபி இருந்தால் வசதி. பிராசசர் 64 பிட்டாக இருந்தால் போதும், தலைமுறை கேட்பதில்லை. டிபிஎம்மும் கேட்பதில்லை. 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்பவர்கள் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுக்கலாம். நான் 8 ஜிபி ஆக்கியதால் சின்னமன் பதிப்பைப் போட்டேன். இடது கீழ் மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், பழைய விண்டோஸ் பழகிய கைக்கு எதுவும் இடம் மாறவில்லை.

பராமரிப்பு என்று பார்த்தால், கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் கேடயம் மாதிரி ஒரு ஐகான் இருக்கிறது. அப்டேட் வந்தால் அதில் ஒரு புள்ளி விழும். சொடுக்கினால் பட்டியல் வரும், ‘இன்ஸ்டால்’ அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்டுப் போட்டுக்கொள்ளும். ஓஎஸ், பிரவுசர், ஆஃபீஸ் எல்லாம் அந்த ஒரே பட்டியலில் வருகின்றன. 22-இலிருந்து 22.1, 22.2 என்று போவதும் அதே ஜன்னலில்தான், பென்டிரைவ் வேண்டாம். வேலைக்கு நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. டைம்ஷிஃப்ட் என்று ஒன்று கூடவே வருகிறது. அதை ஓட வைத்துவிட்டால், ஏதாவது அப்டேட் சொதப்பினால் நேற்றைய நிலைக்குத் திரும்பிப் போகலாம். மாமனாரே இப்போது அந்தப் புள்ளியைப் பார்த்தால் அமுக்கிவிடுகிறார்.

ஆனாலும் லினக்ஸ் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ரிப்பேர் ஆனால் யார் பார்ப்பார்? பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருந்திருந்தால் நானும் இதே கேள்வியில் தயங்கியிருப்பேன். எல்லைக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. கேரளத்தில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. பிறகு பள்ளிகளில் பாடமே லினக்ஸில்தான் என்றாகிவிட்டது. அந்தத் திட்டம்தான் இப்போது கைட் என்ற நிறுவனமாக இருக்கிறது. சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் ஐசிடி (கம்ப்யூட்டர் பாடம்) புத்தகம் தமிழில் வருகிறது. அதில் படம் வரைய ஜிம்ப், இங்க்ஸ்கேப், எழுத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆஃபீஸ், எல்லாம் லினக்ஸில் ஓடும் இலவசச் சரக்கு. என் மகளுக்கு மின்ட் புதுசே இல்லை, விண்டோஸ்தான் கொஞ்சம் அந்நியம்.

எங்கள் தெருவில் ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி பள்ளியின் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐடி குழுவில் இருக்கிறாள். வைஃபை வரவில்லை என்று கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தவள், “மாமா, டிரைவர் மேனேஜரைத் திறந்தீங்களா?” என்றாள். திறந்தேன், பட்டியலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள், ரீஸ்டார்ட், வந்துவிட்டது. வேலந்தாவளம் தாண்டிக் கோவை வரை சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை.

பள்ளியில் ஓடும் கைட் லினக்ஸையே வீட்டில் போட்டால் என்ன என்று நானும் யோசித்தேன். இலவசம்தான், பாட மென்பொருள் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆனால் தற்போது பள்ளிகளில் இருக்கும் பதிப்பு உபுண்டு 22.04-ஐ வைத்துச் செய்தது, அதன் வழக்கமான ஆதரவு 2027-இல் முடிகிறது. பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் அது போதும். வீட்டு வேலைக்கு 2029 எனக்கு வசதியாகப் பட்டது.

எழுத்து விஷயம் எங்கள் பகுதிக்காரர்களுக்கு முக்கியம். பாமினி ஃபாண்ட்டில் அடித்த பழைய தமிழ் மனுக்களும், எம்எல்-டிடி கார்த்திகா ஃபாண்ட்டில் அடித்த மலையாள மனுக்களும் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். லிப்ரே ஆஃபீஸில் முதலில் திறந்தபோது எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து அந்த ஃபாண்ட் ஃபைல்களை எடுத்து மின்ட்டில் போட்டு, மறுபடி திறந்தேன். தலைப்பு, தேதி, ‘ஐயா’ என்று வரிசையாகத் தமிழ் வந்து நின்றது. புதிதாக அடிக்க, கீபோர்டு மொழியை மாற்ற உதவும் ஐபஸ்ஸும் அதற்கான எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபோனெடிக் மூன்று கீபோர்டு முறைகளும் கிடைக்கின்றன. மலையாளமும் அதிலேயே உண்டு. ஃபாண்ட்டுக்கு நான் மீரா இனிமை வைத்திருக்கிறேன். ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தமிழுக்காகச் செய்து இலவசமாகக் கொடுத்தது. நம் ஊருக்குப் பொருத்தமான ஃபாண்ட்!

எக்செல் ஃபைல்களில் கூட்டல், கழித்தல், வீ லுக்கப் வரை லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் அப்படியே ஓடுகின்றன. மேக்ரோ பட்டன் வைத்த ஷீட் ஒன்று மட்டும் சண்டித்தனம் செய்தது, அதைச் சூத்திரத்துக்கு மாற்றிவிட்டேன். பழைய லேசர் பிரிண்டர் ஒன்று கடைசி வரை ஒத்துழைக்கவில்லை. எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் எச்பிலிப் என்ற டிரைவரோடு செருகியதும் வேலை செய்கின்றன. இப்போது எச்பியைத்தான் வைத்திருக்கிறேன். கேம்ஸ் பக்கம் நான் போனதில்லை, அதில் என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் ஒரு முறை நண்பரிடம் வாங்கிச் செருகிப் பார்த்ததோடு சரி. தினமும் அதை வைத்து ஃபைலிங் செய்பவர்கள் விண்டோஸிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றுகிறது.

டாலி என்ற கணக்கு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கும் அதேதான் சொல்வேன். அது விண்டோஸுக்கு எழுதப்பட்டது. வேறு வழியில் ஓட்டலாம் என்பார்கள், வருஷக் கணக்கு முடிக்கும் மாதத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். எங்கள் சொசைட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் டாலி இருக்கிறது. அது இன்னும் விண்டோஸ் 10-தான், கூடுதல் அப்டேட்டில் சேர்த்துவிட்டோம். 2026 அக்டோபருக்குள் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பதினொன்று அதில் முறையாகவே ஏறும். வாங்கும்போது ஐ5, ஐ7 என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஐ7 என்று ஸ்டிக்கர் ஒட்டிய நான்காம் தலைமுறை மெஷினுக்கும் எங்கள் ஐ3-க்கும் பதினொன்றின் கண்ணில் வித்தியாசம் இல்லை. 4770, 8100 என்று நான்கு இலக்கத்தில் வரும் மாடல் நம்பரின் முதல் எண்தான் தலைமுறை; ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு எண்கள்.

மின்ட் பக்கம் வர நினைப்பவர்கள் உடனே எதையும் அழிக்க வேண்டாம். பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. வைஃபை, சத்தம், பிரிண்டர், நாம் தினமும் திறக்கும் பேங்க் சைட் நான்கையும் அதில் பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டி புதிதாகப் போடுகிறவர்களுக்கு இன்னொரு வசதி. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸோடு அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் அதைத் தேடவே இல்லை என்றால் அப்புறம் ஃபார்மேட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.