ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப்: மெகாஹெர்ட்ஸை விடுங்கள், வாட் எவ்வளவு?

நண்பர் ஒருவர் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறார். விவரப் பக்கத்தில் பூஸ்ட் கிளாக், அதாவது கார்டின் உச்ச வேகம், 2370 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதாம். "நீ உன் 3060-ஐ ஓவர்கிளாக் செய்துதானே ஓட்டுகிறாய், இதையும் அப்படி ஏற்றலாமா?" என்று கேட்டார். ஓவர்கிளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் கார்டை ஓட்டுவது. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னுடையதை வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. கேம், வீடியோ எடிட்டிங் இரண்டுக்கும் தினமும் ஓடுகிறது. திரை, கீபோர்டு பற்றியெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடாமல் எரிச்சலூட்டுவது ஒரே விஷயம்தான். இந்த கார்டுக்கு 80 வாட்டுக்கு மேல் மின்சாரம் போகாதபடி லேப்டாப் கம்பெனி பூட்டு போட்டிருக்கிறது. அந்த எண் பெட்டியிலும் இல்லை, விவரப் பக்கத்திலும் இல்லை.

3060 லேப்டாப் கார்டுக்கு என்விடியா வைத்திருக்கும் வரம்பு 60 முதல் 115 வாட் வரை. பூஸ்ட் கிளாக் 1283 முதல் 1703 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டு முனைக்கும் ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். 4060-க்கு வரம்பு இன்னும் அகலம்: 35 முதல் 115 வாட், 1470 முதல் 2370 மெகாஹெர்ட்ஸ். நண்பர் பார்த்த 2370 அதன் உச்சி. 45 வாட் மட்டும் கொடுக்கிற ஒல்லி லேப்டாப்பில், கனமான கேம் ஓடும்போது அந்த எண் கண்ணிலேயே படாது. முன்பாவது இந்த ரகத்துக்கு மேக்ஸ்-க்யூ என்று பெயரிலேயே ஓர் அடையாளம் இருந்தது. 2021-ல் 3060 சேர்ந்த 30 வரிசை லேப்டாப்புக்கு வந்தபோது கார்டின் பெயரிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆற மாட்டாத கோபம் ஒன்று உண்டு. லேப்டாப் 3060-ல் 3840 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்). டெஸ்க்டாப் 3060-ல் 3584 தான். சிப் இரண்டிலும் ஒன்றுதான், லேப்டாப்பில் அதன் கோர்கள் முழுதாகத் திறந்திருக்கின்றன. ஆனால் டெஸ்க்டாப் கார்டுக்கு 170 வாட் கிடைக்கிறது, என்னுடையதற்கு அதில் பாதி கூட இல்லை.

சரி, ஓவர்கிளாக் விஷயத்துக்கு வருகிறேன். கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை +150 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால் கேமில் 150 கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். என் லேப்டாப்பில் கூடியது அதில் பாதிதான். காரணம், அந்த எண் எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று காட்டும் வரைகோட்டை அப்படியே மேலே தூக்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் கார்டு எந்த இடத்தில் நிற்கும் என்பதை 80 வாட் பூட்டு தீர்மானிக்கிறது. கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் வேகம் ஏன் தடைபடுகிறது என்று காட்டும் வரியைப் பார்த்தால், கேம் நடக்கும் நேரம் முழுக்க 'பவர்' என்றே நிற்கும். மெமரி கிளாக்கை ஏற்றினாலும் அதற்கான மின்சாரம் இதே 80-லிருந்துதான் போகும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, கிராஷ் எங்கே வருகிறது என்பது. சண்டைக் காட்சியில் கார்டு திணறும்போது ஒன்றும் ஆகாது. மெனுவிலோ லோடிங் திரையிலோ, வேலை குறைந்த அந்தச் சில நொடிகளில் கேம் மூடிக்கொள்ளும். வேலை குறைந்தால் வாட் மிஞ்சும், உடனே கார்டு கோட்டின் உச்சிக்குத் தாவும், அங்கே நாம் ஏற்றி வைத்த வேகத்தை அந்த வோல்டேஜால் தாங்க முடியாது. "கேம் நன்றாகத்தான் ஓடுகிறது, மெனுவுக்கு வந்தால் போய்விடுகிறது" என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் நடக்கிறது.

அதனால் இந்த மாதிரி கார்டுக்கு ஏற்றது அண்டர்வோல்ட், அதாவது அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது. ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கோடு திறக்கும். முதலில் மொத்தக் கோட்டையும் கீழே இறக்கி, 750 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1650 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி, டிக் குறியை அழுத்தினேன். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் கோடு தட்டையாகிவிடும். உச்சிக்குத் தாவ வழியே இல்லை. என் சிப் 1650 தாங்கியது, இன்னொன்று 1600-லேயே மறுக்கலாம், ஆகவே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது என்பதால், 850 மில்லிவோல்ட்டிலிருந்து 750-க்கு வந்தாலே அதே வேகத்துக்குக் கோர் எடுக்கும் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

முன்பு 1500-க்கும் 1550-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்த கிளாக் இப்போது 1650-ல் அசையாமல் நிற்கிறது. பிரேம் எண்ணிக்கை கூடியதைவிட அந்த நிதானம்தான் பெரிய சுகம். பின்னணியில் எப்போதும் இருந்த அந்தச் சின்ன வெட்டு வெட்டான ஓட்டம் போய்விட்டது. ஃபேன் சத்தமும் இறங்கியது. இவ்வளவு நல்ல சிப்பை இந்த விலை லேப்டாப்பில் கொடுத்ததற்கு மனசாரப் பாராட்டலாம்.

போன மாதம் சர்வீஸில் தெர்மல் பேஸ்ட், அதாவது சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை, மாற்றினார்கள். பழையது காய்ந்து ஓரமாக ஒதுங்கியிருந்தது. மாற்றிய பிறகு கேமில் சூடு 84-லிருந்து 73 டிகிரிக்கு வந்தது. கிளாக்? பழைய இடத்திலேயேதான். அப்படியென்றால் சூட்டை வெளியேற்றும் இந்த ஹீட்சிங்க்குக்கு இன்னும் 15 வாட் தாராளமாகத் தாங்கும் சக்தி இருக்கிறது. இருந்தும் பூட்டியிருக்கிறார்கள். இதே உடம்பில் விலை கூடிய மாடலுக்கு 95 வாட் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கோபம் இரட்டிப்பானது. 2015 தொடக்கத்தில் என்விடியா ஒரு டிரைவரில் லேப்டாப் ஓவர்கிளாக்கையே அடைத்தபோது பயனர்கள் கொதித்தார்கள், கம்பெனி பின்வாங்கியது. வாட் பூட்டுக்கு அப்படி யாரும் குரல் கொடுப்பதாகத் தெரியவில்லை. வாட் பூட்டு எழுதி வைக்கப்பட்டிருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதலாம் என்பார்கள். வாரண்டி போகும், தப்பினால் போர்டே போகும், நான் தொட மாட்டேன்.

எனவே இந்த லேப்டாப்பை வாங்கலாமா என்றால், மேலே எழுதிய பாராட்டு அத்தனையும் உண்மை, ஆனாலும் வேண்டாம். வாட்டை மறைத்து விற்கிற கம்பெனிக்கு என் கையிலிருந்து இன்னொரு முறை பணம் போகாது.

நண்பருக்குப் பதில் இது: கடையில் வைத்திருக்கும் லேப்டாப்பில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியைப் பார். நூறு வாட்டுக்கு மேல் இருந்தால் தயங்காமல் வாங்கு, ஓவர்கிளாக் பற்றி அப்புறம் பேசலாம். அறுபதோ எழுபதோ என்றால் அந்த 2370-ஐ மறந்துவிட்டு அடுத்த மாடலைப் பார்.