தம்பியின் ஜிஆர் 3-ஐ ஏன் திருப்பிக் கொடுத்தேன்

தன் கேமராவுக்குத் தம்பி சொன்ன விலை 2,800 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். "அக்காங்கறதால இந்த விலை. வெளியில போட்டா அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருவானுங்க" என்றான். டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து வந்தபோது, கேமராவைத் துண்டில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். தைப்பூசம் முடியும்வரை வைத்துக்கொள்ளலாம். பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் டின். புதிதாக வந்த ஜிஆர் 4 அவனைத் தூங்கவிடவில்லை. அதை வாங்க இதை விற்றாக வேண்டும்.

டின்னில் இருந்தது ரிக்கோ ஜிஆர் 3. என்னிடம் ஏற்கெனவே ஜிஆர் 2 இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் கோலாலம்பூரில், புடு பக்கம் ஒரு பழைய கேமராக் கடையில் 1,450 வெள்ளிக்கு வாங்கியது. அதை விற்று, மேலே கொஞ்சம் போட்டு, தம்பியுடையதை எடுத்துக்கொள்வதா என்பதுதான் யோசனை. என் வீட்டுக்காரர் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கறுப்புப் பெட்டிதானே, இதுக்கு எதுக்கு அது?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இந்தக் கேமராவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டைப் பையில் அடங்கும் அளவு. ஆனால் உள்ளே இருப்பது பெரிய கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சார். 28 மில்லிமீட்டர் அகலப் பார்வையுள்ள ஒரே லென்ஸ், திறப்பு எஃப் 2.8 (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்). ஜூம் கிடையாது. கண் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. திரை மடங்காது, திரும்பாது. ஆள் முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும்; கிட்டே போகக் கூச்சப்படுகிறவர்கள் இதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஜிஆர் 2 வந்தது 2015-இல், 16 மெகாபிக்சல். ஜிஆர் 3 வந்தது 2019-இல், 24 மெகாபிக்சல். எடை இரண்டும் 250 கிராமை ஒட்டித்தான். புதுசு அகலத்தில் 8 மில்லிமீட்டர் குறைவு. கேட்டால் சிரிப்பு வரும் அளவுதான், ஆனால் கைப்பையில் போடும்போது தெரிகிறது. கையில் பிடிக்கும்போது வேறு மாதிரி தெரிகிறது: பழசில் என் சுண்டுவிரலுக்கும் இடம் உண்டு, புதுசில் அது காற்றில் நிற்கிறது.

மெகாபிக்சல் கணக்கை முதலிலேயே ஓரம் கட்டிவிடுகிறேன். அம்மாவுக்காக எட்டாம் நம்பர் அளவில், அதாவது கடையில் 8ஆர் என்கிறோமே, எட்டுக்குப் பத்து அங்குலம், அதில் இரண்டிலிருந்தும் படம் கழுவிப் பார்த்தேன். அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார், நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், எது எதிலிருந்து வந்தது என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வீடியோவும் அப்படித்தான். இரண்டிலும் ஃபுல் எச்டிக்கு மேல் இல்லை. வீடியோவுக்குக் கைப்பேசி இருக்கிறது.

புதுசில் என்னை மயக்கியது வேறு. ஜனவரியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குப் போனேன். பினாங்கு ஸ்திரீட்டில் பூக்கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே ஒரு பூக்கார அக்கா இருக்கிறார். என் கல்யாண மாலையும் அவர் கடையில் கட்டியதுதான். அவருடைய கையைப் படமெடுக்க எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். மஞ்சள் பல்பு ஒன்றுதான் வெளிச்சம். பழசில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, 3200-க்கு ஏற்றி, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 40-இல் ஒரு பங்கைத் தாண்டாமல் எடுப்பேன். அதைத் தாண்டினால் என் கை நடுக்கம் படத்தில் வந்துவிடும். படம் மணல் தூவியதுபோல் இருக்கும். கையும் உறைந்துபோய், கட்டுகிற கையாகத் தெரியாது.

புதுசில் சென்சாரையே அசைத்து நம் கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. பழசில் இல்லை. அன்றைக்குச் சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து, 8-இல் ஒரு பங்கு நொடியில் எடுத்தேன். வாழை நார், ஈரத்துணி, தட்டில் குவித்த மல்லிகை, ஓரத்தில் கனகாம்பரம், எல்லாம் அப்படி அப்படியே நின்றன. அக்காவின் விரல்கள் மட்டும் புகைபோல் ஓடிக்கொண்டிருந்தன. ஆறு வருடமாக நான் தேடிய படம் அது. திரையில் காட்டினேன். "என் கை எங்க?" என்று கேட்டுவிட்டு, இரண்டு முழம் கூடப் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கு ஒரு கூத்தும் நடந்தது. மெமரி கார்டு வீட்டில் கணினியிலேயே செருகியிருந்தது. ஃபெரியில் பாதிக் கடலில்தான் ஞாபகம் வந்தது. ஜிஆர் 3-இல் 2 ஜிபி உள்நினைவு உண்டு என்று தம்பி சொன்னது காப்பாற்றியது. கார்டே இல்லாமல் அத்தனை பூப்படமும் அதற்குள் போனது. பழசிலும் கொஞ்சம் உள்நினைவு உண்டுதான், ஆனால் ஒரு சாயங்காலத்துக்குக் காணாது. புதுசுக்கு இன்னொரு மதிப்பெண் என்று மனதில் போட்டுக்கொண்டேன். கிட்டே போய் எடுப்பதிலும் அதுதான் மேல்: பழசு 10 சென்டிமீட்டரில் நின்றுவிடும், புதுசு 6 வரை போகும். ஒரு மல்லிகை மொட்டின் காம்பு தெரிய எடுக்கலாம். சார்ஜ் ஏற்ற யூஎஸ்பி-சி. கைப்பேசி வயரே போதும். ஃபெரியில் திரும்பும்போது 2,800 வெள்ளி மலிவு என்றே தோன்றியது.

அப்புறம் தைப்பூசம் வந்தது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். தண்ணீர்மலைச் செட்டியார் கோவிலுக்கு அது போய்ச் சேர ராத்திரியாகிவிடும். அவ்வளவு நேரமும் ரதத்தோடு நடப்பது எங்கள் வீட்டில் அம்மா காலத்து வழக்கம். இப்போது அம்மாவால் முடியாது, நான் நடக்கிறேன். 2017 முதல் தங்க ரதமும் போகிறது. அதற்கு என் அக்கா குடும்பம். இரண்டு ரதத்துக்கும் எங்கள் வீட்டில் ஆள் உண்டு.

ஒரு பாக்கெட்டில் பழசு, ஒரு பாக்கெட்டில் புதுசு. முழு நாள் நடைக்கு முதல் கேள்வி பேட்டரி. தயாரிப்பாளரே கொடுக்கும் கணக்கில் பழசு ஒரு சார்ஜில் 320 படம், புதுசு 200. டத்தோ கிராமாட் சாலைக்கு வருவதற்குள் நான் புதுசுக்கு மாற்றுப் பேட்டரி போட்டாகிவிட்டது. பழசில் இன்னும் பாதி மிச்சம். மாற்றுப் பேட்டரி ஒன்றும் பெரிய விலையில்லை என்பான் தம்பி. விலை இல்லை விஷயம். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, தோளில் அக்காவின் பேரன். அந்த நிலையில் பேட்டரிக் கதவைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும் அவனை.

அந்தச் சாலையில்தான் தேங்காய் உடைப்பு. தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், சாலை ஓரத்தில் மலை மலையாகத் தேங்காய். சீனர்களும் நேர்ந்துகொண்டு குவித்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் ஆளாளுக்கு எடுத்துத் தார்ச்சாலையில் விசிறி அடிப்பார்கள். ஓடு தெறிக்கும், தண்ணீர் மழையாக வரும். இரண்டு கேமராவும் நீர் புகாத ரகம் இல்லை. கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டுதான் எடுத்தேன். புதுசில் தொடுதிரை உண்டு. இளநீரும் சந்தனமும் பட்ட விரலை அதில் வைத்துப் பயனில்லை. பழசில் வலது பெருவிரல் நிற்கும் இடத்தில் கூட்டல் கழித்தல் பொத்தான் ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தை ஏற்ற இறக்க அதை மேலே கீழே அமுக்கினால் போதும், பார்க்கவே தேவையில்லை. புதுசில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். எனக்கு வயது 53, வெள்ளெழுத்து. கண்ணாடி கைப்பையின் அடியில் கிடக்கும். பார்க்காமல் இயக்க முடிகிற பொத்தானின் அருமை இளவட்டங்களுக்குப் புரியாது.

எல்லாவற்றையும் முடித்துவைத்தது ஃபிளாஷ். பழசில் ஒரு குட்டி ஃபிளாஷ் பக்கவாட்டில் எழும்பி வரும். புதுசில் உடம்பைச் சுருக்குவதற்காக அதை எடுத்துவிட்டார்கள். தம்பி ஆசைப்படும் ஜிஆர் 4-இலும் அது இல்லை. வேண்டுமென்றால் மேலே தனியாக மாட்டிக்கொள்ளலாம். மாட்டினால் அப்புறம் அது பாக்கெட் கேமரா இல்லை.

இருட்டிய பிறகு உறுமி மேளப் பையன்கள் வட்டமாக நின்று ஆடினார்கள். புதுசை எடுத்தேன், ஸ்டெபிலைசர் என் கை ஆட்டத்தை அடக்கியது. ஆடுகிறவன் ஆட்டத்தை அது எப்படி அடக்கும்? ஷட்டரை வேகமாக்கினால் ஐஎஸ்ஓ எங்கேயோ போகிறது. மெதுவாக்கினால் எல்லாரும் புகை. பூக்கார அக்காவின் விரலில் அழகாக இருந்த புகை இங்கே முகங்களைத் தின்றுவிட்டது. பழசை எடுத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்தினேன். ஸ்னாப் என்று ஒரு வசதி, இரண்டிலும் உண்டு. கேமரா ஃபோகஸ் தேடாமல் நாம் சொன்ன தூரத்தில் நிற்கும். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, ஃபிளாஷ். அந்தக் கணக்கில் வெளிச்சம் இரண்டரை மீட்டருக்குத்தான் எட்டும், நான் நின்ற தூரமும் அதற்குள்தான். ஷட்டரை 30-இல் ஒரு பங்கில் விட்டதால் பின்னால் ரதத்தின் விளக்குகள் கோடு கோடாக வந்தன. முன்னால் ஒரு பையன் வாயைத் திறந்து, தலைமுடி மேலே பறக்க, உறுமியின் கயிறு முறுக்கு வரைக்கும் தெளிவாக நிற்கிறான். எடுத்ததும் ஓடி வந்து பார்த்தான், "ஆன்ட்டி, அனுப்புங்க ஆன்ட்டி" என்று நம்பர் கொடுத்தான். பழசிலும் வைஃபை உண்டு, அங்கேயே அனுப்பினேன்.

ஃபிளாஷைப் பற்றி இதையும் சொல்லிவிடுகிறேன். காவடி எடுத்து அருள் வந்து நிற்கிறவர் முகத்தில் அதை அடிக்காதீர்கள். பல வருடத்துக்கு முன் நான் ஒருமுறை அடித்து, அம்மா நடுரோட்டில் என் முதுகில் ஒன்று வைத்தார். மேளக்காரர்கள், தேங்காய் உடைப்பவர்கள், தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிற பிள்ளைகள் என்றால் பிரச்சினையில்லை. அவர்களே கூப்பிட்டு நிற்பார்கள்.

பழசுக்காகவே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் என் கைப்பையில் விபூதிப் பொட்டலம் பிரிந்து கேமரா முழுக்கத் திருநீறு. தப்பு என்னுடையதுதான். இந்த மாதிரிக் கேமராவில் லென்ஸ் வெளியே நீளும்போது காற்றையும் உள்ளே இழுக்கும், காற்றோடு தூசியும் போகும். லென்ஸ் கழற்ற முடியாததால் நாமே துடைக்கவும் வழியில்லை. எஃப் 2.8-இல் ஒன்றும் தெரியாது. எஃப் 11-இல் வானத்தை எடுத்தால் சரியாக நெற்றி இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு. பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைக்க 250 வெள்ளியும் மூன்று வாரமும் எடுத்துக்கொண்டார். "கேமராவுக்கும் பூசிட்டீங்களா?" என்று கேட்டார். புதுசில் சென்சாரை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதி இருக்கிறது, பழசில் இல்லை. பழசு வாங்குகிறவர்கள் கடையிலேயே எஃப் 16 வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தவுக்கே (கடை முதலாளி) முறைத்தால் முறைக்கட்டும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டுமே இல்லாதவர் என்னிடம் கேட்டால், அவர் எங்கே நின்று எடுப்பார் என்று நான் திருப்பிக் கேட்பேன். கடைக்குள், சாப்பாட்டு மேசையில், கோவில் மண்டபத்தில், அசையாத பொருளை மங்கலான வெளிச்சத்தில் எடுப்பவர் யோசிக்காமல் ஜிஆர் 3 எடுக்கலாம். என் அக்கா மகளைப் போல, பழைய டிஜிட்டல் கேமராவின் நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டும் தேவையில்லை. அவள் 180 வெள்ளிக்கு சிசிடி என்ற அந்தக் காலத்து ரக சென்சார் உள்ள ஒரு பழைய கேமராவை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள். படங்களும், உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருக்கின்றன.

நான் எடுப்பது ஆடுகிறவர்களை, ஓடுகிறவர்களை, ராத்திரியில், தெருவில். அதனால் டின் தம்பிக்கே திரும்பிப் போனது. "ஒரு ஃபிளாஷுக்காகவா?" என்றான். வீட்டுக்காரருக்கும் ஒருவழியாகப் பதில் கிடைத்தது. கேட்ட கேள்வி அவருக்கே மறந்திருந்தது.

போன வாரம் தம்பி கூப்பிட்டான். கேமராவை ஈப்போவில் ஒருவர் 3,100 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டாராம், ஒரு காசு பேரம் பேசவில்லையாம். நல்லது என்றேன். போனை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த 2 ஜிபி ஞாபகம் வந்தது. பூப்படம் ஒன்றைக்கூட நான் வெளியே எடுத்து வைக்கவில்லை. தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நன்றாக அழித்துத்தான் கொடுத்தேன், கவலைப்படாதே அக்கா என்றான்.