பெர்க்லி அஷ்கெனாஸ்: ஆடப் போகிறவர்களுக்கான இடம்

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவுக்குப் புதிதாக வருகிற தமிழர்கள் வார இறுதியில் எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்பார்கள். கோல்டன் கேட் பாலத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் சொல்வது பெர்க்லியில் இருக்கும் அஷ்கெனாஸ் என்ற இசை, நடனக் கூடம். சான் பாப்லோ அவென்யூவில், கில்மன் தெருவுக்குப் பக்கத்தில், 1317 ஆம் எண் கட்டிடம். மரத்தால் ஆன முகப்பு. கிழக்கு ஐரோப்பாவின் சிற்றூர்களில் யூதர்கள் கட்டி வைத்திருந்த மர வழிபாட்டுக் கூடங்களைப் பார்த்து அமைத்தது. அந்த அசல் கூடங்களில் பெரும்பாலானவற்றை இரண்டாம் உலகப் போரின்போது எரித்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

உள்ளே ஒரே பெரிய கூடம். ஒரு பக்கம் மேடை, நடுவில் மரத்தளம், ஓரங்களில் உட்கார இடம். எல்லா வயதினரும் வரலாம். ஒரு மாத நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தால் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் வட்ட ஆட்டம், அமெரிக்கத் தென்மாநிலமான லூசியானாவின் கேஜன், ஸைடிகோ, மேற்கு ஆப்பிரிக்க மேளம், சல்சா, ஸ்விங், ரெகே என்று உலகத்தின் பாதி ஊர்கள் அதில் இருக்கும். ரெகே இரவுகளுக்குக் கூட்டம் நிறைய வரும். எனக்கு மற்றவைதான் பிடிக்கும், அதனால் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. பாரம்பரிய நடனம் இருக்கும் இரவுகளில் பெரும்பாலும் இசைக்குழு தொடங்குவதற்கு முன்னால் ஒரு பாடம் நடக்கும். டிக்கெட்டோடு சேர்ந்ததுதான், தனிக் கட்டணம் கேட்பதில்லை. ஆசிரியர் நடுவில் நிற்பார், வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள். முதலில் இசை இல்லாமல் கால் வைப்பு மட்டும். அப்புறம் மெதுவான வேகத்தில் ஒரு பாட்டு. அது முடிவதற்குள் இசைக்குழு மேடையில் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிடும். அரை மணி நேரத்துக்கு முன்பு ஒன்றும் தெரியாமல் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், உண்மையான வாத்தியங்களுக்கு ஆடிக்கொண்டிருப்பார். நான் பார்த்த வேறு எந்த அரங்கத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

பால்கன் இரவு தமிழர்களுக்கு என்றே செய்தது போல இருக்கும். சின்ன வயதில் சில வருடம் மிருதங்கம் படித்தவள் நான். மாசிடோனியர்களின் லெஸ்னோதோ என்ற ஆட்டத்தை முதன்முதலில் சொல்லிக் கொடுத்தபோது ஆசிரியர் ஆங்கிலத்தில் ‘நிதானம், வேகம், வேகம்’ என்று எண்ணினார். பக்கத்தில் இருந்தவர்கள் திணறினார்கள். மேற்கத்திய இசையில் இரண்டு, மூன்று, நான்கு என்றே பழகிய காதுக்கு ஏழு தட்டு கஷ்டம்தான். எனக்கோ அது அப்படியே மிஸ்ர சாபு. தகிட தக திமி, தகிட தக திமி. மூன்று, இரண்டு, இரண்டு. அடுத்து பல்கேரியாவின் ராச்செனித்சா. அதுவும் ஏழுதான், ஆனால் மூன்று கடைசியில் வரும்: தக திமி தகிட. பைதுஷ்கோ என்று ஓர் ஆட்டம், ஐந்து தட்டு, இரண்டும் மூன்றும். நம் கண்ட சாபு என்ன கணக்கோ அதே கணக்கு. கோபானித்சாவில் பதினொன்று வரும்: இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, இரண்டு.

கையால் போட்டுப் பழகிய தாளத்தைக் காலால் போடுவது தனி அனுபவம். சபாவில் உட்கார்ந்து தொடையில் தட்டும்போது ஏழு என்பது ஒரு கணக்கு. இங்கே அந்த மூன்றில் முழங்கால் கொஞ்சம் மடங்கி உடம்பு ஒரு நொடி தங்குகிறது, அப்புறம் இரண்டும் இரண்டும் ஓடிவிடுகின்றன. அந்தத் தங்கலை இருபது முப்பது பேர் கைகோத்துக்கொண்டு ஒரே நேரத்தில் செய்யும்போது, வரிசை முழுக்க ஒரு சின்ன இழுப்பு ஓடுவது உள்ளங்கையில் தெரியும். நான் வாய்க்குள் சொல்கட்டு சொல்வதைக் கேட்டு என் இடப்பக்கம் நின்ற பெரியவர் என்ன அது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அன்று முழுக்க அவர் ‘தகிட தக திமி’ என்றுதான் ஆடினார்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அவளையும் அழைத்துப் போனேன். திருவாரூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், நாயனமும் தவிலும் கேட்டே காது பழகியவள். அன்று வந்த குழுவில் இரண்டு ஸுர்னாக்காரர்கள், ஒரு தாபன்காரர். அவர்கள் மேடையை விட்டு இறங்கி, ஆடுகிறவர்களின் நடுவிலேயே நின்று வாசித்தார்கள். ஸுர்னா நம் நாயனத்தை விட ரொம்பக் குட்டை, ஆனால் அதே குடும்பம்: சீவாளி, மரக்குழல், விரிந்த வாய். தாபன் இரண்டு முகமும் தோல் கட்டிய மேளம். ஒரு முகத்தில் தடித்த கோல், இன்னொரு முகத்தில் மெல்லிய குச்சி. நம் தவிலில் தொப்பிப் பக்கம் கழியும், வலந்தலையில் கூடு போட்ட விரல்களும். கல்யாணத்துக்கும் ஊர்வலத்துக்கும் திறந்த வெளியில் வாசிக்க உண்டான வாத்தியங்கள் இரண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன.

அம்மா கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டாள். "ஏண்டி, அந்த ரெண்டாவது ஆள் ஒத்து ஊதறான் பாரு" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் மூச்சு விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க் கச்சேரிகளில் ஒத்து ஊதும் ஆள் போய் சுருதிப் பெட்டி வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அம்மா அதைத் திரும்பக் கண்டது கலிஃபோர்னியாவில், வேறொரு மக்களின் இசையில். வரிசையில் வந்து சேரச் சொல்லி ஒரு பெண்மணி கை நீட்டினார். அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போய்விட்டாள். கும்மி அடித்து வளர்ந்த கால்கள், வட்டத்தில் சுற்றுவதற்கு அவளுக்குப் பாடமே தேவைப்படவில்லை.

ஸைடிகோ இரவு வேறு மாதிரி. ஜோடி ஜோடியாக ஆடுவார்கள், ஆளை மாற்றி மாற்றி ஆடுவதுதான் வழக்கம், யாரும் யாரையும் கேட்கலாம், வேண்டாம் என்றால் வேண்டாம். அக்கார்டியனும் ஃப்ரொத்துவாரும்தான் உயிர். ஃப்ரொத்துவார் என்பது மார்பில் கவசம் போல மாட்டிக்கொள்ளும் நெளிநெளியான தகடு. அதைக் கரண்டியாலோ பாட்டில் திறப்பானாலோ உரசித் தாளம் போடுவார்கள். பழைய நாளில் துணி துவைக்கும் பலகையை வைத்துக்கொண்டு செய்தது, பிறகு இப்படி உடம்பில் ஏறியது. ஸைடிகோவின் அரசர் என்று கொண்டாடப்படும் கிளிஃப்டன் ஷெனியே 1987 இல் இறந்தார், அவர் வாசித்த பாணி இன்றும் எல்லாக் குழுக்களிலும் கேட்கிறது.

லூசியானாவின் இசை இவ்வளவு தூரத்தில் எப்படி வேர் பிடித்தது என்று எனக்கு ஆரம்பத்தில் ஆச்சரியம். காரணம் கப்பல் கட்டும் தளங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெர்க்லிக்கு வடக்கே உள்ள ரிச்மண்டில் கப்பல் கட்டும் வேலைக்கு லூசியானாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் கறுப்பின மக்களும் பிரெஞ்சு மரபு கலந்த கிரியோல் மக்களும் ஏராளமாக வந்தார்கள். வேலையோடு சமையலும் பாட்டும் வந்தன. அந்த ரிச்மண்டையும் ஓக்லண்டையும் இணைக்கிற சாலைதான் சான் பாப்லோ அவென்யூ. இப்பகுதியிலிருந்து புகழ் பெற்ற குவீன் ஐடா, லூசியானாவில் பிறந்து இங்கே குடியேறியவர். பள்ளிப் பேருந்து ஓட்டியவர், அக்கார்டியனைக் கையில் எடுத்து 1983 இல் கிராமி விருது வாங்கினார். அந்தச் சாலையில் ஸைடிகோ கேட்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்த இடத்தை 1973 இல் தொடங்கியவர் டேவிட் நாடெல். நாட்டுப்புற நடனத்தில் பைத்தியமாக இருந்தவர், சமூகப் போராட்டங்களிலும் முன் நின்றவர். கிடங்காக இருந்த கட்டிடத்தை ஆடும் கூடமாக மாற்றினார். 1996 டிசம்பரில், வாசலில் இருந்து வெளியேற்றப்பட்ட ஓர் ஆள் திரும்பி வந்து அவரைச் சுட்டுவிட்டான். நாடெல் இறந்துபோனார். அத்தோடு கதவு மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இத்தனை காலம் அங்கே ஆடியவர்களும் வாசித்தவர்களும் ஒன்று சேர்ந்து, லாப நோக்கம் இல்லாத அமைப்பாகப் பதிந்து, கட்டிடத்தை வாங்கி, மறுபடி திறந்தார்கள். இன்றும் தன்னார்வலர்களும் நன்கொடையும் இல்லாமல் இந்தக் கூடம் நடக்காது. டிக்கெட் வாங்குவதோடு நிறுத்தாமல் முடிந்தவர்கள் உறுப்பினராகச் சேருங்கள் என்று நான் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

பெர்க்லியில் இசைக்குப் பெயர் பெற்ற கூடங்கள் வேறும் உண்டு. 1968 இல் தொடங்கிய ஃப்ரெய்ட் அண்ட் சால்வேஜ் நல்ல இடம், ஒலியமைப்பு அருமையாக இருக்கும், ஒரு பாடகரை வார்த்தை வார்த்தையாகக் கேட்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். லா பெஞ்யா 1975 இல் சிலி நாட்டு ராணுவ ஆட்சிக்கு எதிராகத் திரண்டவர்கள் தொடங்கியது, லத்தீன் அமெரிக்க இசைக்கு அதுதான் வீடு. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் உட்கார்ந்து கேட்டதை விட ஆடிக் கேட்டது எனக்குள் ஆழமாகத் தங்குகிறது.

இங்கே என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் இந்த ஊரில் நம் கலைகளை மேடையில் வைத்துத்தான் கொண்டாடுகிறோம். கரகாட்டம், ஒயிலாட்டம், கும்மி எல்லாம் பொங்கல் விழாவில் ஐந்து நிமிட உருப்படிகள். குழந்தைகள் ஒரே நிறத்தில் உடுத்தி, பதிவு செய்த பாட்டுக்கு ஆடிவிட்டு இறங்குவார்கள், பெற்றோர் கைபேசியில் படம் எடுப்பார்கள். ஒரு விழா அரங்கில் பறை முழங்கியபோது இருக்கை வரிசைக்கு நடுவே எழுந்து ஆடிய என் மகளை உட்காரச் சொல்லிவிட்டார்கள். பறை அடிக்கும்போது ஒரு குழந்தை உட்கார வேண்டுமென்றால் அந்தப் பறையை எதற்கு அடிக்கிறோம்? அமெரிக்காவின் பல ஊர்களில் நம் இளைஞர்கள் பறை பழகுகிறார்கள், பெருமையாக இருக்கிறது. அவர்களுக்கு நாற்காலி இல்லாத ஒரு தளம் வேண்டும். ஒயிலாட்டத்துக்கு அரை மணி நேரப் பாடம், பிறகு இரண்டு மணி நேரம் பறை, வந்தவர்கள் எல்லாரும் வரிசையில், கையில் துணியோடு. கிராமத்துத் திருவிழாவில் அது அப்படித்தானே நடந்தது. பல்கேரியர்களும் லூசியானாக்காரர்களும் செய்துகாட்டியதை நாமும் செய்யலாம், அதற்குப் பொருத்தமான கூடம் ஏற்கெனவே சான் பாப்லோ அவென்யூவில் இருக்கிறது. அமைப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள், வேலை செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நுழைவுக் கட்டணம் நிகழ்ச்சியைப் பொறுத்தது, நான் கொடுத்தது பெரும்பாலும் 20 டாலரை ஒட்டி. கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் நிரலையும் பாட நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்தைத் தவறவிட்டால் பாதி இன்பம் போய்விடும், அதனால் இசை தொடங்கும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பார்ட் ரயிலில் வந்தால் நார்த் பெர்க்லி நிலையத்தில் இறங்கி இருபது நிமிடம் போல நடக்க வேண்டும். இரவில் தனியாகத் திரும்புகிறவர்கள் வண்டி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. சின்னக் குழந்தைகளை அழைத்துப் போனால் காதுக்கு அடைப்பான் எடுத்துப் போங்கள், மேளத்துக்குப் பக்கத்தில் சத்தம் பலமாகவே இருக்கும்.

செருப்பு முக்கியம். ரப்பர் அடி கனமாக உள்ள ஓட்டக் காலணி மரத்தளத்தில் ஒட்டிக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் வலிக்கும். வழவழப்பான அடி உள்ள மெல்லிய காலணியே போதும். தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் இருக்கட்டும், ஒரு மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும்.

முதல் தடவைக்கு பால்கன் இரவையே தேர்ந்தெடுங்கள். ஜோடி தேட வேண்டியதில்லை. வரிசையின் வலது கோடியில் இருப்பவர்தான் வழக்கமாக முன்னால் நடத்திப் போவார், அங்கே போய் நிற்காமல் இடது கோடியில் சேர்ந்துகொள்ளுங்கள், முன்னால் போகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே போகலாம். தாளம் பிடிபடவில்லையா, ஏழா ஐந்தா என்று மட்டும் பக்கத்தில் கேளுங்கள். மீதியை உங்கள் வீட்டு மிருதங்க வகுப்பு பார்த்துக்கொள்ளும்.