கருப்பைத் தசைக்கு ஆல்ஃபா-5 இன்டெக்ரின் ஆன்டிபாடி: பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்புரை

எலியின் கருப்பைத் தசை கர்ப்பத்தின் முற்பகுதியில் செல்களின் எண்ணிக்கையைப் பெருக்கியும், பிற்பகுதியில் அதே செல்களைப் பருக்க வைத்தும் வளர்கிறது. பருக்கும் கட்டத்தில் செல்களைச் சுற்றி ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் போன்ற புறப்பொருள்கள் சேர்வதால், அவற்றைப் பற்றிக்கொள்ளும் செல்சவ்வுப் புரதமான ஆல்ஃபா-5 பீட்டா-1 இன்டெக்ரின் இத்துறையில் தனிக் கவனம் பெறுகிறது. பேறுகாலத்தில் தசை முழுவதும் ஒருசேரச் சுருங்க வேண்டுமானால், ஒவ்வொரு செல்லும் தன் சுற்றுப்புறத்தை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடிப்பைத் திசுவில் நேரில் காண்பதற்காகத்தான், ஆல்ஃபா-5 புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் இந்த ஆன்டிபாடியை வாங்கினோம்.

இது முயலில் உருவாக்கப்பட்ட பாலிகுளோனல் வகை, அதாவது ஒரே புரதத்தைப் பற்றும் பல ஆன்டிபாடிகளின் கலவை. இன்டெக்ரினின் ஒரு பாதியான ஆல்ஃபா-5 புரதத்தின் செல்லுக்குள் இருக்கும் வால்பகுதியை அடையாளம் காண்பது. இதன் நிறையும் குறையும் பெரும்பாலும் இந்த ஒரு தன்மையிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் வெஸ்டர்ன் பிளாட், அதாவது புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, ஒரு தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காணும் முறை. தகவல் தாளில் 150 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவில் பட்டை தெரியும் என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். மாதிரியை எந்த நிலையில் ஓட்ட வேண்டும் என்பது எங்கும் இல்லை. ஆல்ஃபா-5 செல்லுக்குள் உருவாகும்போதே கனச்சங்கிலி, இலேசான சங்கிலி என இரண்டாக வெட்டப்பட்டு, அவ்விரண்டும் டைசல்ஃபைடு பிணைப்பால் சேர்ந்திருக்கும் புரதம். மாதிரியில் மெர்காப்டோஎத்தனால் அல்லது டிடிடி போன்ற ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். வால்பகுதி இலேசான சங்கிலியில் இருப்பதால், இந்த ஆன்டிபாடி சுமார் 25 கிலோடால்டன் பட்டையையே காட்டும். பெரிய புரதத்துக்கென்று ஜெல்லை நீண்ட நேரம் ஓட்டுபவர்களுக்கு அந்தச் சிறு பட்டை கீழே வழிந்தே போய்விடும். பொருள் வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தால் வியப்பில்லை. ஒடுக்கும் பொருள் எதுவும் சேர்க்காமல் ஓட்டியபோது, எதிர்பார்த்த இடத்தில் தெளிவான ஒற்றைப் பட்டை கிடைத்தது. ஒரே வரியில் சொல்லியிருக்க வேண்டிய இந்தத் தகவலை விட்டது விற்பவரின் பெரிய குறை.

உறையவைத்து மெல்லிதாக வெட்டிய திசுவில் (உறைவெட்டு) இதன் செயல்பாடு மிகச் சிறப்பாக இருந்தது. வால்பகுதி செல்லுக்குள் இருப்பதால் டிரைட்டன் என்ற சோப்புப் பொருள் கொண்டு செல்சவ்வைத் துளைத்தே தீர வேண்டும். அதைச் செய்த பிறகு, பிரசவத்தை நெருங்கிய எலியின் திசுவில் தசைச் செல்களின் ஓரங்கள் மெல்லிய கோடுகளாக ஒளிர்ந்தன. நீள்வாட்டு அடுக்கில் செல்கள் நீளமாகவும், வட்ட அடுக்கில் செல்கள் குறுக்காக வெட்டுப்பட்டுச் சிறு வளையங்களாகவும் தெரியும்போது, அடுக்குகளைத் தனித்தனியே மதிப்பிடுவது எளிதாகிறது. கர்ப்பமுற்ற கருப்பையில் இரத்தநாளங்கள் மிகுதி என்பதால் சிவப்பணுக்களின் தன்னொளிர்வு குழப்பம் தரக்கூடும். ஒப்பீட்டுக்காக, இந்த ஆன்டிபாடிக்குப் பதிலாகச் சாதாரண முயல் இம்யூனோகுளோபுலின் (எந்தப் புரதத்தையும் குறிவைக்காத ஆன்டிபாடி) இட்ட வெட்டு ஒன்றை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

மெழுகில் பதித்து வெட்டும் பாரஃபின் வெட்டுகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிட்ரேட் கரைசலில் சூடாக்கிப் பார்த்தும் பின்னணிப் படிவே ஓங்கி நின்றது.

தகவல் தாளில் உள்ள படங்கள் அனைத்தும் தட்டில் வளர்த்த செல்களில் எடுத்தவை. தட்டில் செல்கள் தட்டையாகப் பரவி, அடிப்புறத்தில் பிடிமானப் புள்ளிகளை அமைக்கும். திசுவில் அதே புரதம் செல்லின் ஓரம் நெடுகப் பரந்து கிடக்கும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் அந்தப் படத்தைத் தேடி ஏமாறாமலிருக்க, திசுப் படம் ஒன்றையாவது சேர்த்திருக்கலாம்.

வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டைகளை ஒப்பிடுகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கர்ப்பம் முன்னேற முன்னேற மழமழப்புத் தசைக்குரிய ஆக்டின் என்ற புரதத்தின் வகைகளில் சிலவற்றின் அளவும் மாறக்கூடும் என்பதால், அவற்றை அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டால் விடை பிசகும். பிளாட் தாளில் ஏறிய மொத்தப் புரதத்தையும் சாயமிட்டு அளப்பதே நம்பத்தக்கது.

உயிருள்ள செல்களில் ஃபைப்ரோநெக்டின் பிடிப்பைத் தடுத்துப் பார்க்க விரும்புவோருக்கு இது உதவாது. சவ்வுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியைப் பற்றித் தடுக்கும் வேறு ஆன்டிபாடியை அவர்கள் வாங்க வேண்டும். உறைவெட்டுக்கும், ஒடுக்காத மாதிரிகளில் செய்யும் பிளாட்டுக்கும் இதையே மறுபடியும் வாங்குவேன்.