அக்வாபோனிக்ஸ் தொட்டிக்குக் கல் வாங்குதவங்க கவனத்துக்கு: 18,500 ரூபாய் போச்சு

திருநெல்வேலிப் பக்கம் மாடியிலயோ கொல்லையிலயோ அக்வாபோனிக்ஸ் (மீன் தொட்டித் தண்ணியிலயே, மண்ணில்லாம கல்லுல செடி வளக்குறது) போட நினைக்கிறவங்க இதைப் படிச்சிட்டு அப்புறம் பணத்தை எடுங்க. என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதுதேன்.

பழைய சாமான் விக்கிற ஆப் ஒண்ணுல பிடிச்ச ஆள். 1000 லிட்டர் கூண்டு டேங்க் 7,500. கல், 25 கிலோ மூட்டை 22, மூட்டை 500 வீதம் 11,000. ஆக 18,500 ரூபாய். டேங்கை வெட்டினா மேல்பாதி செடித்தொட்டி, அடிப்பாதி மீனுக்கு. 1.2 மீட்டருக்கு 1 மீட்டர், 30 செ.மீ. ஆழம்னா 360 லிட்டர் கல் பிடிக்கும், எடை அரை டன்னுக்கு மேல. அளவுல குத்தமில்ல.

"பிஎச் ஏறாத கூழாங்கல்"னு, அதாவது தண்ணியோட காரத்தன்மையைக் கூட்டாத கல்லுன்னு சொன்னவர், கேக்குறதுக்கு முன்னாலயே வீடியோ கால்ல கிண்ணத்துல வினிகர் ஊத்தி நாலு கல்லைப் போட்டுக் காட்டினார். சுண்ணாம்புக்கல்லுன்னா வினிகர்ல பொங்கும், இதுல ஒரு குமிழி வரல. "பாத்தியளா அண்ணாச்சி, நம்பி எடுங்க." இவ்வளவு தெரிஞ்ச ஆளு ஏமாத்துவாரான்னு நினைச்ச அந்த நிமிசத்துலதான் 18,500 ரூபாயும் யுபிஐ-ல போச்சு.

கிண்ணத்துல கிடந்தது வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்). குட்டியானையில வந்த மூட்டையிலயும் மேல ரெண்டு கை அதே வெங்கச்சாங்கல்தான். அடியில முழுக்க சுண்ணாம்புக்கல் ஜல்லி. தாழையூத்துல சிமெண்ட் ஆலை வந்ததே இந்தக் கல் கிடக்கிறதாலதான், நம்ம ஊர்ல இதுக்கா பஞ்சம்!

தண்ணி ஓட விட்ட ஆறாம் நாள் பிஎச் 7.4-லேருந்து 8.4. இந்த ஒரு புள்ளி ஏத்தத்துக்கே, மீன் கழிவுலேருந்து வர்ற அதே அளவு அம்மோனியாவுல மீனைக் கொல்ற பங்கு எட்டு மடங்குக்கு மேல கூடும். ஜிலேபிக் கெண்டை மேல வந்து வாயைத் திறந்துகிட்டு நின்னுச்சு. கீரையில நரம்பு மட்டும் பச்சை, மத்த இடம் மஞ்சள். பிஎச் கூடினதால செடிக்கு இரும்புச்சத்து எடுக்க முடியலன்னு அர்த்தம். ஆசிட் ஊத்தினா அன்னைக்கு இறங்கும், மறுநாள் கல் கரைஞ்சு பழையபடி ஏத்திரும். இந்த ஏத்த இறக்கமே மீனுக்கு எமன். சரியான கல்லுன்னா, அம்மோனியாவைச் செடிக்கு உரமா மாத்துற பாக்டீரியா வேலை செய்யச் செய்ய பிஎச் தானா இறங்கும். 6-ஐத் தொட்டா சின்னப் பையில கிளிஞ்சல் கட்டிப் போட்டு ஏத்துவோம். இங்க 550 கிலோ கிடக்கு, எந்தக் காலத்துல கரையும்?

செடித்தொட்டி நிரம்பினதும் தண்ணியைத் தானா வடிக்கிற பெல் சைஃபனும் படுத்துருச்சு. ஒரு இஞ்ச் நிலைக்குழாய், அதைக் கவுத்து மூடுற மூணு இஞ்ச் மணி, கல் உள்ள வராம தடுக்கிற நாலு இஞ்ச் ஓட்டைக்குழாய், எல்லாம் சரியான அளவுதான். மணியைத் தூக்கிப் பாத்தா அடி வெட்டு முழுக்க வெள்ளைக் குழம்பு அப்பிக்கிடக்கு. தண்ணி வடியாம தொட்டி நிரம்பியே நின்னா வேர் அழுகத்தான் செய்யும்.

போன் பண்ணினா முதல் நாள், "புதுக் கல்லு, ரெண்டு வாரத்துல செட் ஆயிரும்." அடுத்து, "உங்க போர் தண்ணி உப்பு அண்ணாச்சி." அதே தண்ணியைத் தனி வாளியில பிடிச்சு வச்சுப் பாத்ததுல 7.4-ஐத் தாண்டலன்னு போட்டோ அனுப்பினா, "இறக்கும்போதே பாத்துருக்கணும்லா?" அப்புறம் நீல டிக் மட்டும். ஆப்காரங்க, பணம் ஆப்புக்கு வெளிய போயிருக்கு, எங்க பொறுப்பில்லன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. பில்லும் இல்ல. 18,500 ரூபாய்!

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன். 22 மூட்டைக் கல்லையும் அள்ளி வெளிய போடுற வேலை கிடக்கு, அதனால சுருக்கமா:

மூட்டையை இறக்கினதும் அடியிலேருந்து கல் எடுங்க. கழுவி, உடைச்சு, உடைச்ச முகத்துல வினிகர் விடுங்க. சில கல் பொடிச்சாதான் பொங்கும். ஒரு வாளியில ரெண்டு நாள் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் பிஎச் பாருங்க. கருங்கல் முக்கால் ஜல்லி போதும், கிரஷர்ல நேரா நின்னு ஏத்துங்க. டேங்க்ல முன்ன என்ன இருந்துச்சுன்னு காட்டுற கூண்டு ஸ்டிக்கர் சுரண்டியிருந்தா வாங்காதீங்க. முழுப் பணத்தையும் முன்னால கொடுக்காதீங்க.