தகரக் கூரை வீட்டுக்கு எந்தக் கண்டென்சர் மைக்? ஏடி2020-உம் ரோட் என்டி1 வகைகளும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். தைப்பூசம் நெருங்கினால் உறுமி மேளக் குழுக்கள் புதுப் பாட்டு வெளியிட ஓடுகிறார்கள், படித்து முடித்த பிள்ளைகள் சினிமாப் பாட்டைத் தங்கள் குரலில் பாடிப் போடுகிறார்கள், கோயிலில் பஜனை பாடும் அக்காமார்கூட கைப்பேசிப் பதிவு போதாது என்கிறார்கள். எல்லாரிடமிருந்தும் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, ஏடி2020 எடுக்கவா, ரோட் எடுக்கவா?" இரண்டுமே கண்டென்சர் வகை, அதாவது மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும், நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் மைக்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகரக் கூரை, பலகைச் சுவர், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்கும் லயத்து வீடு என்றால் ஆடியோ டெக்னிகா ஏடி2020 போதும், மிச்ச வெள்ளியை அறைக்குச் செலவழியுங்கள். கல் வீடு, கதவை மூடினால் அமைதி, பாடுகிறவர் குரல் மென்மை என்றால் ரோட் என்டி1 ஐந்தாம் தலைமுறை. பலரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும், ரோடின் பழைய மாடலான என்டி1-ஏ-வை நான் நம் பாட்டுக்கு மூன்றாவதாகத்தான் வைப்பேன்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது மைக் தானாக எழுப்பும் இரைச்சலின் அளவு. ஏடி2020-க்கு அது 20 டெசிபல், என்டி1-ஏ-வுக்கு 5, ஐந்தாம் தலைமுறைக்கு 4. எண்ணைப் பார்த்தால் ஏடி2020 தோற்றுவிட்டது போலத் தெரியும். ஆனால் மைக்கோடு சேர்ந்து உங்கள் அறையும் பதிவாகிறது. நள்ளிரவில், விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாலும், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் தவளையும் சில்வண்டும் இருக்கின்றன, சாலையில் மோட்டார் போகிறது. அறையின் சத்தம் 35 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஏடி2020-இன் 20 டெசிபல் சேர்ந்தால் மொத்தம் 35.1-தான் வரும், ஏனென்றால் டெசிபலை நேராகக் கூட்ட முடியாது, பெரிய சத்தம் சின்னதை விழுங்கிவிடும். அந்த 0.1 வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது. அறை 25 டெசிபலுக்கு இறங்கினால் கதை மாறுகிறது: ஏடி2020 அங்கே ஒரு டெசிபலுக்கு மேல் ஏற்றிவிடும், ரோட் ஏற்றாது. ஆக அந்த 5, 4 என்ற எண்களுக்கு நீங்கள் கொடுக்கும் காசு, 25 டெசிபல் அறை இருந்தால்தான் வேலை செய்யும். நம் ஊரில் அப்படி எத்தனை அறை இருக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மழை பிடித்தால் பேச்சே இல்லை, தகரத்தில் விழும் மழையை எந்த மைக்கும் தள்ளிவைக்காது. பிற்பகல் இடிமழைக்கு முன்னால் பதிவை முடித்துக்கொள்வது நல்லது.

இதற்காக ரோடின் அமைதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீணை, புல்லாங்குழல், தாலாட்டுப் போல மெதுவாகப் பாடும் குரல், இவற்றை ஓர் அடிக்கு மேல் தள்ளி வைத்துப் பதிவு செய்தால் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, நிறைய ஏற்ற வேண்டிவரும், அப்போது ஏடி2020-இல் பின்னால் ஒரு 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கேட்கத் தொடங்கும். உரக்கப் பாடும் குரலுக்கு அந்தக் கவலை இல்லை.

இப்போது என்டி1-ஏ. சுத்தமான மைக்தான், அதிர்வு தாங்கியும், வாய்க்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டரும், கேபிளும் பெட்டியிலேயே வரும், அதுவரை குறையே இல்லை. ஆனால் அதன் மேல் அலைவரிசையில் ஒரு தூக்கல் இருக்கிறது. ஆங்கிலப் பாடகர்கள் சிலருக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கும். நம் பக்திப் பாட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்: "சரவணபவ", "ஷண்முகா", "சிவசிவ" என்று வரிக்கு வரி ச, ஷ, ஸ. உச்ச ஸ்தாயியில் ஒரு பெண் குரல் "சரவணபவ" என்று இழுக்கும்போது அந்த முதல் ச ஊசி மாதிரி காதில் குத்தும், அப்புறம் மென்பொருளில் அதை அமுக்கப் பார்த்தால் பாடகிக்குத் திக்குவாய் வந்தது போல ஆகிவிடும். ஏற்கெனவே என்டி1-ஏ வைத்திருப்பவர்கள் விற்க வேண்டாம், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்தில் வைத்து 15, 20 டிகிரி திருப்புங்கள், காற்று மைக்கைத் தாண்டிப் போகட்டும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். புதிதாக வாங்குகிறவர் இந்தச் சண்டைக்குள் போக வேண்டியதில்லை. என்டி1 ஐந்தாம் தலைமுறையின் ஒலி அதைவிடச் சமமாக, உருண்டையாக இருக்கிறது. 2023-இல் வந்த என்டி1 சிக்னேச்சர் என்ற வண்ண வண்ண மைக்கும் அதே போக்குதான், மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிள் இணைப்பு மட்டும், விலையும் குறைவு. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இண்டர்ஃபேஸ் ஏற்கெனவே கையில் இருந்தால் ஐந்தாம் தலைமுறைக்குப் பதில் இதை எடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஐந்தாம் தலைமுறையில் எக்ஸ்எல்ஆரும் இருக்கிறது, யூஎஸ்பியும் இருக்கிறது. மைக்கை நேராக மடிக்கணினியில் செருகலாம், இண்டர்ஃபேஸ் தேவையில்லை. இதனால் விலைக் கணக்கே மாறுகிறது. ஏடி2020 தனியாக ரோடின் விலையில் பாதிகூட வராது, சரி, ஆனால் அதற்கு கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பேண்டம் பவர் கொடுக்கும் இண்டர்ஃபேஸ் ஒன்று வாங்க வேண்டும், மைக்கோடு தாங்கிப்பிடியும் பையும்தான் வரும், அதிர்வு தாங்கி, பாப் ஃபில்டர், கேபிள் எல்லாம் தனி. பலகைத் தரை வீட்டில் அதிர்வு தாங்கி இல்லாமல் பாடவே கூடாது, அடுத்த அறையில் யாராவது நடந்தாலும் 'தொம் தொம்' என்று பதிவில் ஏறும். எல்லாம் கூட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்து நிற்கும்.

யூஎஸ்பி வழியில் 32 பிட் ஃப்ளோட் பதிவு இன்னொரு கவர்ச்சி. மெதுவாகத் தொடங்கி சரணத்தில் திடீரென்று உச்சத்துக்குப் போகிறவர்களின் குரல் உடையாமல் பதிவாகும், பிறகு கணினியில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். தனியாக உட்கார்ந்து தானே பாடி, தானே பதிவு செய்கிறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒரு குறையை யாரும் அழுத்திச் சொல்வதில்லை: அந்த மைக்கில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. உங்கள் குரலைக் கணினி வழியாகத்தான் கேட்க வேண்டும், அது ஒரு கணம் பிந்தி வரும். பேசுகிறவருக்குப் பரவாயில்லை. தாளத்தோடு பாடுகிறவருக்கு, அதிலும் கமகம் இழைக்கிறவருக்கு, பிந்தி வரும் தன் குரல் பாட்டையே கெடுத்துவிடும். இண்டர்ஃபேஸில் குரலைக் கணினிக்குப் போகும் முன்பே காதுக்குத் திருப்பும் வசதி இருக்கிறது. அதனால் பாடகர்களிடம் நான் சொல்வது, யூஎஸ்பியை நம்பி இண்டர்ஃபேஸை விட்டுவிடாதீர்கள். ரோட் வாங்கினாலும் எக்ஸ்எல்ஆரில் போடுங்கள். அப்போது இண்டர்ஃபேஸ் செலவு இரண்டுக்கும் பொதுவாகிவிடும், ஏடி2020 எடுத்தவர் கையில்தான் வெள்ளி மிஞ்சும். இரண்டு பேர் சேர்ந்து பாடும் நாள் வந்தால் அப்போதும் இண்டர்ஃபேஸ்தான் கைகொடுக்கும்.

அறைக்குச் செலவழியுங்கள் என்றேன். பெரிய செலவு இல்லை. இந்த மைக்குகள் எல்லாமே கார்டியாய்டு, முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். அப்படியென்றால் மைக்கின் முதுகைச் சாலைப் பக்கத்துச் சன்னலுக்குக் காட்டுங்கள். மைக் பார்ப்பது பாடகரையும் பாடகருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும், எனவே தடித்த துணியைப் பாடகரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால் நுரையை ஒட்டிவிட்டு ஏன் இன்னும் எதிரொலிக்கிறது என்று கேட்கிறார்கள். வீட்டில் இருக்கும் தோத்தோ (தரையில் விரிக்கும் மெத்தை) இரண்டை மடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொடிக்கயிற்றில் போடுங்கள். முட்டை அட்டைகளை ஒட்டுவதில் பயன் இல்லை, அவை மேல் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கலைக்கும், குரலின் நடுப்பகுதியில் கேட்கும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பாடுவது போன்ற ஒலி அப்படியே இருக்கும். பழைய வீடுகளில் எர்த் சரியில்லாமல் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால், முதலில் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

கண்டென்சரே வேண்டாம், மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் மைக்கான ஷூர் எஸ்எம்58 போதும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சாலையோரக் கடைவீட்டு மாடியில் பதிவு செய்கிறவருக்கு அவர்கள் சொல்வது சரி. ஆனால் காரணத்தைத் தப்பாகச் சொல்கிறார்கள். டைனமிக் மைக் அறைச் சத்தத்தை வடிகட்டுவதில்லை. ஒரே தூரத்தில், ஒரே அளவுக்கு ஏற்றினால், அதுவும் கார்டியாய்டுதான், அறையை ஏறக்குறைய அதே அளவுதான் எடுக்கும். வித்தியாசம் என்னவென்றால், எஸ்எம்58-ஐ உதட்டோடு ஒட்டி வைத்துப் பாடலாம். தூரம் பாதியானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடுகிறது, அறை கூடுவதில்லை. விலையாக நீங்கள் கொடுப்பது மூச்சின் நுணுக்கத்தையும் மேல் ஒலியின் தெளிவையும். அதோடு, என்டி1-ஏ-வைவிட எஸ்எம்58-க்கு ஏறக்குறைய 22 டெசிபல் அதிகமாகக் கெயின் வேண்டும், மலிவான இண்டர்ஃபேஸ் அங்கே இரைய ஆரம்பிக்கும். உறுமிக்கும் தப்பு மேளத்துக்கும் நான் கண்டென்சரைக் கிட்டே கொண்டுபோக மாட்டேன், இன்னொரு டைனமிக் மைக்கான ஷூர் எஸ்எம்57-ஐத் தோலுக்கு அருகில் வைத்தால் இழுப்பும் அடியும் தெளிவாக வரும், கூடத்தின் முழக்கம் உள்ளே வராது.

இணையக் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கும் பிஎம்-800 மைக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேசிப் பழக ஆகும். பாட்டை வெளியிடும் எண்ணம் இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்து ஏடி2020-க்குப் போங்கள்.

எதை வாங்கினாலும் நம் ஊரில் அதன் எதிரி ஈரம். ஆண்டு முழுக்க ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. கண்டென்சர் மைக்கின் உள்ளே மெல்லிய சவ்வில் மின்னூட்டம் நிற்க வேண்டும், ஈரம் படிந்தால் அது கசிந்து எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் 'பட் பட்' என்று கேட்கும். பாடி முடித்ததும் தாங்கியிலேயே விட்டுவிடாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். கேமராவுக்கு விற்கும் உலர் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. குளிர்சாதன அறையிலிருந்தோ காரிலிருந்தோ கோயில் மண்டபத்துக்கு எடுத்துப் போனால் உடனே 48 வோல்ட் போடாதீர்கள், அரை மணி நேரம் மைக் அந்தச் சூட்டுக்குப் பழகட்டும்.

பழைய மைக் வாங்குகிறவர்கள் இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். விற்பவர் வீட்டிலேயே இண்டர்ஃபேஸில் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டி, யாரையும் பேசவிடாமல் ஐந்து நிமிடம் கேளுங்கள். வெடிப்புச் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் முன்பக்கம் ஒரு வரி, பின்பக்கம் ஒரு வரி பாடுங்கள். இவை பக்கவாட்டில் பாட வேண்டிய மைக்குகள், உச்சியில் அல்ல. ரோடில் தங்கப் புள்ளி இருக்கும் பக்கம் முன்பக்கம், ஏடி2020-இல் சின்னம் இருக்கும் பக்கம். பின்பக்கம் பாடியது தெளிவாகக் குறைந்து கேட்டால் பேரம் பேசத் தொடங்கலாம்.