ஓட ஓட சார்ஜ் ஆகும் என்று கிட் மாட்டி 42,000 ரூபாய் போனது

குன்னூர், கோத்தகிரி பக்கம் எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.

"பின்சக்கரத்தில் பெல்ட் போட்டு ஒரு ஆல்டர்னேட்டர் (சுழன்றால் கரண்ட் தரும் கருவி) வைத்துவிட்டால் ஓடும்போதே பேட்டரி நிரம்பும் சார், இனி சார்ஜரே தேட வேண்டாம்" என்றார் மேட்டுப்பாளையத்தில் கடை வைத்திருப்பவர். கிட் மாட்டிய தன் காரில் என்னை உட்காரவைத்துக் குன்னூரிலிருந்து பர்லியாறு வரை ஓட்டியும் காட்டினார். கிளம்பும்போது 58 சதவீதம், போய்ச் சேர்ந்தபோது 60. கண்ணால் பார்த்ததால் நம்பிவிட்டேன்.

ஏமாற்று அங்கேதான். மலை இறக்கத்தில் எந்த எலக்ட்ரிக் காருக்கும் சார்ஜ் ஏறும். மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, பிரேக்கில் சூடாக வீணாவதில் ஒரு பங்கைப் பேட்டரிக்கு அனுப்பும். அதற்குக் கிட் தேவையில்லை. அது புதுக் கரண்டும் இல்லை, ஏறும்போது நாம் செலவழித்ததில் ஒரு பகுதி. 1,300 கிலோ வண்டி 1,500 மீட்டர் மேலே வர, உயரத்துக்கு மட்டுமே 5 யூனிட்டுக்கு மேல் ஆகும்.

முன்பு மேட்டுப்பாளையத்திலிருந்து வீடு வந்து சேர 36 சதவீதம் குறையும். கிட் மாட்டியபின் 41. மூன்று தடவை குறித்துவைத்துப் பார்த்தேன். வாசலில் நிறுத்திவிட்டுக் குனிந்தால் ரப்பர் கருகும் வாடை, ஆல்டர்னேட்டரில் கை வைக்க முடியாத சூடு. அந்தச் சூடு முழுக்க என் பேட்டரியிலிருந்து போனது.

பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் சாய்த்ததும் விளக்கு எரியும், பெடல் கனத்துவிடும். வெளிச்சத்துக்கான விலையைக் கால்தான் கொடுத்தது. இங்கே பேட்டரி கொடுக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடாகப் போக மிச்சம்தான் திரும்பி வருகிறது. ஆற்றல் உருமாறும், புதிதாகப் பிறக்காது என்று விஞ்ஞானிகள் மேயரும் ஜூலும் 1840களிலேயே காட்டிவிட்டார்கள். 'செல்ஃப் சார்ஜிங்' என்று விளம்பரம் செய்யும் ஹைப்ரிட் கார்களும் (பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தவை) இதற்கு விலக்கல்ல, அவற்றில் எல்லாம் பெட்ரோலிலிருந்து வருவதுதான்.

கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "செட்டிங் மாற்ற வேண்டும், இன்னும் 8,000 ஆகும்" என்றார். கம்பெனி சர்வீஸில் ஒயரிங்கில் கை வைத்ததால் பேட்டரி வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிய அடி.

யாராவது டிரையல் காட்டினால் பர்லியாற்றிலிருந்து குன்னூருக்கு ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். நான் கொடுத்துவிட்டேன். இதே கிட்டை வாங்கியவர்கள் பில்லோடு என்னிடம் பேசுங்கள், ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.